ஃப்ரீஸரில் மிச்சமிருக்கும் கருக்கள்: வைத்திருக்கலாமா, விட்டுவிடலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப் முறைச் சிகிச்சை, செய்து குழந்தை பிறந்தாயிற்று, இன்னொன்று வேண்டாம் என்றும் முடிவாகிவிட்டது, ஆனால் மருத்துவமனையின் திரவ நைட்ரஜன் தொட்டியில் மைனஸ் 196 டிகிரியில் இன்னும் சில கருக்கள் இருக்கின்றன. வருடா வருடம் ரெனீவல் பணம் கட்டச் சொல்லி மெசேஜ் வருகிறது. கூடவே ஒரு படிவம்: தொடர்ந்து வைத்திருக்கவா, அப்புறப்படுத்தவா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று மூன்று கட்டங்கள். கடலூர், பாண்டிச்சேரி பக்கம் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் இருக்கிறார்கள். என் சித்தி மகள் அதில் ஒருத்தி. வீடு மஞ்சக்குப்பத்தில், சிகிச்சை எடுத்தது பாண்டியில். "அண்ணா, நீதான் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிற ஆளாச்சே, எதுல டிக் போடட்டும் சொல்லு" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொட்டியில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் மனதில் கை கால் முளைத்த ஒரு குட்டிக் குழந்தை உறைந்து கிடப்பது போன்ற படம்தான் ஓடுகிறது. பெரும்பாலும் உறைய வைப்பது ஐந்தாம் நாள் கருவை, டாக்டர்கள் பிளாஸ்டோசிஸ்ட் என்பார்கள். ஏறக்குறைய நூறு இருநூறு செல்கள் சேர்ந்த உருண்டை, கடுகை விடப் பல மடங்கு சிறியது. நரம்பு இல்லை, ரத்தம் இல்லை, இதயம் இல்லை. வெளிச்சுற்றுச் செல்கள் பின்னால் நஞ்சுக்கொடியாக வளரும். உள்ளே ஒரு ஓரமாக ஒட்டியிருக்கும் சின்னக் கொத்துதான் குழந்தையாகும். அந்தக் கொத்தை எடுத்துத் தட்டில் வளர்த்தால் கிடைப்பதுதான் கரு ஸ்டெம் செல், அதாவது உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய, அழியாமல் பெருகிக்கொண்டே இருக்கக்கூடிய செல். ஆனால் எடுத்துவிட்டால் அந்தக் கரு அதோடு முடிந்தது. உலகம் முழுக்க இத்தனை வருடமாக நடக்கும் சண்டை மொத்தமும் இந்த ஒரு இடத்தில்தான்.

படிவத்தில் இல்லாத நான்காவது வழியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்: குழந்தை இல்லாத இன்னொரு ஜோடிக்குக் கொடுத்துவிடலாமே? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது 2021ஆம் ஆண்டு ஏஆர்டி சட்டம், கருவை விற்பதையும் பிறருக்கு மாற்றிக் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. சொந்த உபயோகத்துக்கு, அதுவும் தேசிய வாரியத்தின் அனுமதியோடு, இடம் மாற்ற மட்டும்தான் விலக்கு. யாராவது "நாங்க பாத்துக்குறோம், பேப்பர் எல்லாம் ரெடி பண்ணிடலாம்" என்று சொன்னால் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள்.

வைத்திருப்பது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஓரத்திலாவது இருந்தால் பணத்தைக் கட்டி வைத்திருங்கள், இரண்டு பேரும் மனதார வேண்டாம் என்று சொல்லும் வரை வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் காலக்கெடு உண்டு. சட்டப்படி கருவைப் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதன் பிறகு ஒன்று அழிய விட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். சிகிச்சை எடுக்கப் பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 என்ற வரம்பும் இருக்கிறது. ஆக, இன்றைக்கு எடுக்கத் தயங்கும் முடிவை எப்படியும் ஒருநாள் எடுத்தே ஆக வேண்டும், நடுவில் கட்டும் பணம் அந்தத் தயக்கத்துக்கான கட்டணம். என் தங்கைக்கு இதைச் சொன்னபோது கோபம் வந்தது. "உனக்கென்ன, ஊசி போட்டுக்கிட்டது நானு" என்றாள். நியாயமான பேச்சுதான், அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று, உறைய வைப்பதற்கு முன்பே உங்களிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருப்பார்கள்: கணவனோ மனைவியோ இறந்துபோனால், அல்லது முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால், கருவை என்ன செய்ய வேண்டும் என்று. எழுத்தில் அது இல்லாமல் உறைய வைக்கவே கூடாது என்பது சட்டம். அந்த அவசரத்தில் எதில் டிக் போட்டோம் என்று முக்கால்வாசிப் பேருக்கு நினைவிருக்காது. ஒரு நகல் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

அழிய விடுவது. தொட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்தில் வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். இது எளிய வழி, பழி இல்லாத வழி என்று பலர் நினைக்கிறார்கள். எளியது, சரி. பழி விஷயம் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபை கருத்தரித்த கணத்திலிருந்தே அதை மனித ஆளாக மதிக்க வேண்டும் என்கிறது, ஐவிஎஃப்பையே ஏற்பதில்லை, மிச்சக் கருக்களைப் பற்றி 2008ல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம் இது தீர்க்கவே முடியாத ஒரு அநீதி நிலை என்று ஒத்துக்கொண்டது. பாண்டியில் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். இஸ்லாமிய அறிஞர்கள் பலர் உயிர் ஊதப்படுவது 120ஆம் நாள் என்று கொள்வதால் ஐந்து நாள் கருவின் விஷயத்தில் அவ்வளவு கடுமை இல்லை. நம் இந்து வீடுகளில் கடைசித் தீர்ப்பு சொல்ல ஒரு பீடம் கிடையாது, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. தங்கையின் மாமியார் வருடம் தவறாமல் தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர், எறும்பு மிதிபட்டால்கூட அன்று முழுக்க முகம் வாடியிருக்கும். அவரிடம் கேட்டால் ஒரே போடாக வேண்டாம் என்பார் என்று பயந்துகொண்டேதான் கேட்டோம். "தூக்கிப் போடுறதுக்கு, நாலு பேரு நோவு தீரும்னா குடுத்துட்டுப் போங்களேன்" என்றார். ஜீவகாருண்யத்தை அவர் அப்படிப் புரிந்து வைத்திருக்கிறார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் நாலு பேர் நோவு தீருமா என்பதுதான் கேள்வி, அதை நன்றாகப் பார்க்காமல் அந்த மூன்றாவது கட்டத்தில் டிக் போடக் கூடாது.

1998ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலாக மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்தார். 14 கருக்களின் உட்கொத்தை எடுத்ததில் ஐந்திலிருந்துதான் நிலையான செல் வரிசை, அதாவது ஒரே கருவிலிருந்து வந்து தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல் கூட்டம், கிடைத்தது. எல்லாம் ஐவிஎஃப் தம்பதிகள் கொடுத்த கருக்கள்தான். அன்று பத்திரிகைகள் எழுதியதைப் பார்த்தால் சர்க்கரை நோய், பார்க்கின்சன், முதுகுத்தண்டு முறிவு எல்லாம் பத்து வருடத்தில் காணாமல் போய்விடும் போலிருந்தது. போகவில்லை. ஜெரான் என்ற கம்பெனி 2010 அக்டோபரில் முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவருக்கு இந்த வகைச் செல்லை முதல் தடவையாகச் செலுத்தியது, அடுத்த வருடம் நவம்பரிலேயே பணக் காரணம் சொல்லிச் சோதனையை மூட்டை கட்டியது. தென் கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் குளோனிங் முறையில் மனிதக் கரு ஸ்டெம் செல் உருவாக்கியதாக 2004லும் 2005லும் வெளியிட்டது மொத்தமும் மோசடி என்று தெரிந்து 2006ல் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆய்வுக்கு முட்டை கொடுத்த பெண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அவர்களில் சிலர் அதே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள்.

இதைச் சொன்ன அதே மூச்சில் 2025ஐயும் சொல்ல வேண்டும். தாம்சன் உருவாக்கிய அந்த ஐந்தில் ஹெச்9 என்று ஒன்று உண்டு. அதிலிருந்து டோபமின் சுரக்கும் நரம்புச் செல்லை வளர்த்து 12 பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் வைத்த முடிவுகள் அந்த வருடம் ஏப்ரலில் வெளியாகின. 18 மாதம் கண்காணித்ததில் அந்தச் செல்களால் பெரிய பாதகம் இல்லை, செல்கள் உயிரோடு வேலை செய்வது ஸ்கேனில் தெரிந்தது. 12 பேரை வைத்துப் பலன் இவ்வளவு என்று அடித்துச் சொல்ல முடியாது, பாதுகாப்பைப் பார்ப்பதுதான் அந்தச் சோதனையின் நோக்கம், பெரிய சோதனை அடுத்த கட்டம். இருந்தாலும் யாரோ ஒரு தம்பதி இனி வேண்டாம் என்று கொடுத்த ஒரு கரு, கால் நூற்றாண்டு கழித்து வேறு யாருடைய மூளைக்குள்ளோ வேலை செய்கிறது என்பதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சர்க்கரை நோய் இன்னும் நமக்கு நெருக்கம். ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டன், தன் இரண்டு பிள்ளைகளுக்கும் டைப் 1 சர்க்கரை வந்ததால் இந்தப் பக்கம் திரும்பியவர். அமெரிக்க அரசுப் பணம் புது வரிசைகளுக்குத் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், தனியார் நிதியில், மிச்சக் கருக்களிலிருந்து 17 புது ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கி 2004ல் மற்ற ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட்டார். 2014ல் ஸ்டெம் செல்லை இன்சுலின் சுரக்கும் செல்லாக மாற்றும் முறையை வெளியிட்டார். அந்த வழியில் வந்த ஜிமிஸ்லெசெல் என்ற சிகிச்சையில், முழு அளவு ஒரே தடவை பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடத்தில் இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். அதற்கு விலை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அந்தச் சோதனையில் இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் மூளைக்காய்ச்சல் தொற்றில். ஆகவே இது உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போகும் நோயாளிகளுக்கான விஷயம், நம் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை போடும் டைப் 2 மாமாக்களுக்கானது அல்ல.

இங்கே ஒரு விவரமானவர் கேட்பார்: அதான் ஐபிஎஸ் செல் வந்துவிட்டதே, இன்னும் எதற்குக் கரு? நல்ல கேள்வி. ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006ல் எலியின் சாதாரணத் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைப் புகுத்தி அதைக் கரு ஸ்டெம் செல் போலத் திருப்பிக் காட்டினார், அதுதான் ஐபிஎஸ் செல், அடுத்த வருடம் மனிதச் செல்லிலும் செய்தார், 2012ல் நோபல் பரிசு. கருவே வேண்டாம், சண்டையே வேண்டாம். 2014ல் மசாயோ தகஹாஷி குழு ஒரு நோயாளியின் சொந்தத் தோலிலிருந்து விழித்திரைச் செல் வளர்த்துக் கண்ணில் வைத்தது. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால் நிறுத்திவிட்டார்கள். பார்க்கின்சனுக்கும் கியோட்டோவில் ஐபிஎஸ் செல்லை வைத்து ஏழு பேரிடம் சோதனை நடந்து, மேலே சொன்ன ஹெச்9 சோதனை வந்த அதே சமயத்திலேயே முடிவு வந்தது, அதுவும் நம்பிக்கை தருவதாகவே இருக்கிறது. ஆக, சிகிச்சை என்ற வகையில் மட்டும் பார்த்தால், கரு இல்லாமலும் போகக்கூடிய பாதை நிஜமாகவே இருக்கிறது. கரு ஆராய்ச்சியை ஆதரிப்பவர்கள் இதை மழுப்பாமல் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் ஐபிஎஸ் செல் உண்மையிலேயே சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலே கரு ஸ்டெம் செல்தான். தவிர, கரு எப்படி வளர்கிறது, ஏன் பாதியில் நின்றுபோகிறது என்பதைத் தோல் செல்லிடம் முழுசாகக் கேட்க முடியாது. 2017ல் லண்டனில் கேத்தி நியாகன் குழு, தம்பதிகள் கொடுத்த மிச்சக் கருக்களில் ஓசிடி4 என்ற மரபணுவை முடக்கிப் பார்த்தபோது, எலியில் நடப்பதும் மனிதரில் நடப்பதும் வேறு வேறு என்று தெரிந்தது. மூன்று தடவை டிரான்ஸ்ஃபர் செய்தும் கரு ஒட்டவில்லை என்று அழுத பெண்களுக்கு, ஏன் என்று என்றாவது பதில் கிடைக்குமானால் இந்த மாதிரி ஆய்விலிருந்துதான் கிடைக்கும்.

சரி, தர்மப் பிரச்சனைக்கு வருவோம். ஆதரவாளர்கள் எடுத்தவுடனே சொல்வது, "எப்படியும் அழியப் போகிறதுதானே." எனக்கு இந்த வாதம் அரைகுறையாகத்தான் படுகிறது. நாளை சாகப் போகிறவர் என்பதற்காக ஒருவர் உறுப்பை இன்றே அறுத்தெடுக்க யாரும் சம்மதிக்க மாட்டோம். கரு முழு மனிதர் என்று நம்புகிறவருக்கு "எப்படியும்" என்ற சொல்லால் எந்தச் சமாதானமும் கிடைக்காது. ஆனால் அப்படி நம்புகிறவருக்கு ஆராய்ச்சி மட்டுமா தப்பு, தேவைக்கு அதிகமாகக் கரு உண்டாக்கியதும் உறைய வைத்ததும் அழிய விடுவதும் எல்லாமே தப்புதான். ஐவிஎஃப்புக்குக் கையெழுத்துப் போட்ட அன்றே இந்தக் கேள்விக்கு நாம் பாதி பதில் சொல்லியாயிற்று. மீதிப் பாதி, முழு மனிதர் இல்லை என்றால் வெறும் கச்சாப்பொருளா என்பது. அப்படியும் கிடையாது. அதற்குத்தான் கட்டுப்பாடுகள்.

1984ல் பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு 14 நாள் எல்லையைப் போட்டது. 14, 15ஆம் நாள் வாக்கில்தான் கருவில் முதுகுத்தண்டின் திசையைக் குறிக்கும் முதல் கோடு தோன்றும், அதுவரை ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகவும் ஆகலாம் என்பதால் இது ஒரு ஆள் என்று அறுதியாகச் சொல்ல முடியாது. 2021ல் சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கம் இந்த எல்லையைக் கொஞ்சம் தளர்த்தப் பார்த்தாலும், நம் நாட்டில் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 14 நாளுக்கு மேல் வளர்ப்பது தடைதான். ஜெர்மனி தன் நாட்டுக் கருவைத் தொடக்கூடாது என்று 1990லேயே சட்டம் போட்டது, ஆனால் 2007 மே 1க்கு முன் வெளிநாட்டில் உருவாக்கிய ஸ்டெம் செல் வரிசைகளை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்கிறது. அழிக்கும் பாவம் அடுத்த வீட்டுக்கு, அறிவு மட்டும் நமக்கு. இதில் என்ன தர்மம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பாண்டிச்சேரிக்காரர்களுக்குப் பிரான்ஸ் கதைதான் அதிகம் ஒட்டும், பாதிக் குடும்பங்களில் அங்கே யாராவது இருக்கிறார்கள். தங்கை வீட்டுக்காரரின் பெரியப்பா மகள் பாரிஸ் பக்கம்தான். அங்கே கரு உறைநிலையில் இருந்தால் வருடா வருடம் எழுத்தில் கேட்பார்கள்: இன்னும் குழந்தைத் திட்டம் உண்டா, இல்லையென்றால் இன்னொரு ஜோடிக்கா, ஆராய்ச்சிக்கா, நிறுத்திவிடவா? 1994ல் கரு ஆராய்ச்சியை முழுக்கத் தடை செய்த நாடு அது. 2004ல் விதிவிலக்கு, 2013ல் அனுமதி முறை, 2021ல் ஸ்டெம் செல் வரிசைகளுக்கு முன்கூட்டியே தெரிவித்தாலே போதும் என்று படிப்படியாக வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நாடாளுமன்றத்தில் ஊர் கேட்க விவாதித்துத்தான். நம் நாட்டில் அந்த விவாதம் நடக்கவே இல்லை, சட்டம் வந்தது, படிவம் வந்தது, அவ்வளவுதான். இதுதான் எனக்குக் குறை.

நம்மூரில் ஆய்வே இல்லை என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் மனீஷா இனாம்தார் குழு, கர்ப்பப்பையில் வைக்க லாயக்கில்லை என்று ஒதுக்கிய மூன்றாம் தரக் கருக்களிலிருந்தே இரண்டு வரிசைகளை உருவாக்கியிருக்கிறது. "தரம் சரியில்லை" என்று டாக்டர் சொன்ன கருவுக்கும் உபயோகம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆகவே மூன்றாவது கட்டத்தில் டிக் போடும் முன் மருத்துவமனையில் கேளுங்கள்: எந்த நிறுவனம், ஏஆர்டி சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா, அவர்களுடைய ஸ்டெம் செல் ஆராய்ச்சிக் குழுவும் நெறிமுறைக் குழுவும் அனுமதி கொடுத்திருக்கின்றனவா, ஆய்வு எதைப் பற்றியது, எங்கள் பெயர் விவரம் போகுமா, மனசு மாறினால் எதுவரை திரும்பப் பெறலாம். இதற்காகப் பணம் தருவதாக யார் சொன்னாலும், ரெனீவல் பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னாலும்கூட, அங்கேயே நிறுத்திவிடுங்கள். "ஆராய்ச்சி" என்று ஒற்றை வார்த்தை மட்டும் இருக்கிற படிவம் சம்மதப் படிவமே ஆகாது. தங்கை கேட்டபோது கவுண்டரில் இருந்த பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை, "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி மேடம்" என்று சொன்னாராம். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் அந்தப் பதில் வந்த இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

நடுவில் ஒரு எச்சரிக்கை. கரு ஸ்டெம் செல்லின் பெருமையைச் சொல்லியே ஆட்டிசம், மூளை வாதம், முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி போடுவதாக விளம்பரங்கள் வருகின்றன. இந்திய வழிகாட்டுதல்படி முறையான சிகிச்சையாக ஏற்கப்பட்டது ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்று மட்டும்தான். மற்றதெல்லாம் சோதனைக் கட்டம், சோதனைக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் பணம் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் போடச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும், குழந்தைக்குப் பின்னால் உதவும் என்று காசு கட்டிச் சேமிப்பதை ஐசிஎம்ஆர் பரிந்துரைப்பதில்லை.

என் தீர்ப்பு இதுதான். இன்னொரு குழந்தை ஆசை துளி இருந்தாலும் வைத்திருங்கள். இல்லை, முடிந்தது என்றால், மேலே உள்ள கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரும் ஒரு உண்மையான ஆய்வு இருந்தால் அதற்குக் கொடுப்பது அழிய விடுவதை விட மேல், எனக்குச் சந்தேகமில்லை. அப்படி ஒரு ஆய்வு இல்லை, வெறும் கட்டம்தான் இருக்கிறது என்றால் அழிய விடுங்கள், அதில் குற்றவுணர்வு வேண்டாம். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு ஒப்பவில்லை என்றாலும் ஆராய்ச்சிக்குக் கொடுக்காதீர்கள், அடுத்தவரை இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கும் விஷயம் இல்லை இது.

தங்கை இப்போதைக்கு இந்த வருட ரெனீவலைக் கட்டிவிட்டு, கேள்விகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கருவியல் ஆய்வகப் பொறுப்பாளரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அழிய விடுவதில்தான் மனம் இருக்கிறது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.